காது கேட்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு தாய் தம் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் காது, மூக்கு, தொண்டைப் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். திருமழிசையைத் தாண்டிய ஒரு கிராமத்திலிருந்து வருவதாகச் சொன்னார். சிறுவனுக்கு இரண்டரை வயது. "அம்மா" என்ற சொல்லும் அவனுக்கு இன்னும் வரவில்லை. தாயின் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையில் மகன் பிறந்த நாள் முதலான எல்லாத் தாள்களும் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் இரண்டைத் தனியே எடுத்து மேசை மீது வைத்தார்.

"டாக்டர், பொறந்தப்பவும் காது டெஸ்ட் பாஸுன்னு எழுதிக் குடுத்தீங்க. ஒரு வயசுல கூட்டிட்டு வந்தப்பவும் பாஸுன்னுதான் எழுதிக் குடுத்தீங்க. அப்புறம் ஏன் இவன் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான்?"

இரண்டு தாள்களிலும் இருந்தது எங்கள் துறையின் முத்திரை. அவற்றில் எழுதப்பட்டிருந்த முடிவுகளும் பொய்யல்ல. அன்றைக்குச் செய்த சோதனையில் அந்தக் குழந்தையின் இரு காதுகளும் தேறியிருந்தன. அந்த முடிவிலிருந்து "காதில் குறை இல்லை, ஆண் குழந்தைகள் சிலர் தாமதமாகத்தான் பேசுவார்கள், பொறுத்திருங்கள்" என்று நாங்கள் சொன்ன அறிவுரைதான் தவறு. அவர் பொறுத்திருந்தார். ஒன்றரை ஆண்டுகள் போய்விட்டன.

அந்தத் தாயின் இசைவோடு, அடையாளங்களைத் தவிர்த்து, இதை எழுதுகிறோம். எங்கே தவறினோம் என்பதை அவருக்கு விளக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த விளக்கம் இந்த இதழைப் படிக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் உரியது என்று கருதுகிறோம்.

காது கேளாமை என்றவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழுவது வானொலிப் பெட்டியின் ஒலி குறைந்துபோன காட்சி. குமிழைத் திருகி ஒலியைக் கூட்டினால் சரியாகிவிடும். அந்தக் குமிழின் பெயர்தான் காது மிஷின். பல நோயாளிகளுக்கு இது ஓரளவு பொருந்தவும் செய்கிறது. ஆனால் வானொலியில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒலி போதிய அளவு இருக்கும். நிலையம் சரியாகப் பிடிபடாமல் ஒரே கரகரப்பாக இருக்கும். அப்போது குமிழை எவ்வளவு திருகினாலும் கரகரப்புத்தான் கூடும். காதிலும் இந்த இரண்டாம் வகைக் கோளாறு இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் "நரம்புக் கோளாறு" என்ற ஒரே பெயரை எழுதிவிடும் பழக்கம் எங்கள் துறையில் நெடுங்காலமாக உள்ளது. அதை விட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

உட்செவியில், பட்டாணி அளவே உள்ள ஓர் எலும்புக் கூட்டுக்குள், நத்தை ஓட்டைப் போல இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. நத்தைச்சுருள் என்றும் காக்ளியா என்றும் அதைச் சொல்வோம். அதற்குள் இரண்டு வகை மயிர்ச்செல்கள் உள்ளன. புற மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 12,000. மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கூர்மையாக்குவது அவற்றின் வேலை. அக மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 3,500 மட்டுமே. ஒலியின் அசைவை நரம்புக்குரிய சைகையாக மாற்றிக் கொடுப்பவை இவையே. அங்கிருந்து சுமார் 30,000 இழைகள் கொண்ட செவிநரம்பு அச்சைகையை மூளைத்தண்டுக்குக் கொண்டு செல்கிறது. சுருளுக்குள் உள்ள நீர்மத்தில் எப்போதும் ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் தேங்கி நிற்கிறது. உடலில் இவ்வளவு நேர்மின்னழுத்தம் தாங்கிய நீர்மம் வேறெங்கும் இல்லை என்றே சொல்லலாம். காது இயங்குவது அந்த மின்கலத்தின் ஆற்றலால்தான்.

ஆக, ஒலி காதில் நுழைந்து மூளையை அடையும் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மின்சாரத் தடயம் உண்டாகிறது. அந்தத் தடயங்களைப் படிப்பதே நாங்கள் செய்யும் மின்சோதனைகள்.

பிறந்த குழந்தைகளுக்கு முதலில் செய்யப்படும் ஓ.ஏ.ஈ. சோதனை உண்மையில் மின்சோதனை அன்று. இலண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் 1978இல் கண்டறிந்த ஒரு வியப்பை அடிப்படையாகக் கொண்டது அது: ஒலியைக் கேட்கும் காது, தானும் மெல்லிய ஒலியைத் திரும்ப வெளியிடுகிறது. அந்த எதிரொலியை உண்டாக்குபவை புற மயிர்ச்செல்கள். சிறு மைக்கைக் காதுத் துளையில் வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் "பாஸ்" வந்தால் புற மயிர்ச்செல்கள் நலமாக உள்ளன என்று பொருள். அக மயிர்ச்செல்களைப் பற்றியோ நரம்பைப் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை. மேடைக்கு முன்னால் இருக்கும் ஒலிபெருக்கி வேலை செய்கிறது என்பதை வைத்துக்கொண்டு, ஊர் எல்லைவரை கம்பி போயிருக்கிறது என்று முடிவு கட்ட இயலாது அல்லவா? நாங்கள் அப்படித்தான் முடிவு கட்டினோம்.

நரம்பைச் சோதிப்பது பெரா. நெற்றியிலும் காதின் பின்புறத்திலும் சிறிய மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் "டிக் டிக்" என்ற ஒலியைச் செலுத்தி, செவிநரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் அலைகளைப் பதிவு செய்வது. 1971இல் ஜூவெட், வில்லிஸ்டன் ஆகிய இருவர் இந்த அலைகளை ஒழுங்குபடுத்தி எண்ணிட்டு விவரித்தனர். ஒலி காதில் பட்ட ஒன்றரை மில்லிநொடியில் முதல் அலை செவிநரம்பிலிருந்து எழும். ஆறு மில்லிநொடிக்குள் ஐந்தாம் அலை மூளைத்தண்டின் மேற்பகுதியிலிருந்து எழும். தோலின் மேல் அந்த ஐந்தாம் அலையின் உயரம் அரை மைக்ரோவோல்ட் அளவே. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியின் மின்னழுத்தத்தில் முப்பது இலட்சத்தில் ஒரு பங்கு. குழந்தை கண் சிமிட்டினாலே அதைவிடப் பன்மடங்கு பெரிய மின்னலை எழும்பும். ஆகவேதான் ஒரே ஒலியை ஆயிரம், இரண்டாயிரம் முறை செலுத்திச் சராசரி காண்கிறோம். ஆகவேதான் குழந்தை தூங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

இன்னும் நுண்மையானது உட்செவியின் மின்னலைகளையே நேராகப் பதிவு செய்யும் எலக்ட்ரோகாக்ளியோகிராபி. மின்முனையைக் காதுக் குழலிலோ செவிப்பறையின் மீதோ வைக்கலாம். சிலருக்கு மெல்லிய ஊசியைச் செவிப்பறை வழியே செலுத்தி நத்தைச்சுருளின் எலும்புச் சுவரில் தொடவும் வைப்பதுண்டு. அதில் மூன்று தடயங்கள் தெரியும். மயிர்ச்செல்கள் ஒலியை அப்படியே நகலெடுத்தாற்போல் எழுப்பும் மைக்ரோபோனிக் அலை ஒன்று. செல்களின் நிலை மாற்றத்தைக் காட்டும் மேடு இரண்டாவது. நரம்பிழைகள் ஒரே நேரத்தில் கிளர்ந்தெழும் ஆழமான பள்ளம் மூன்றாவது. செல் எது, நரம்பு எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட அருகில் போக வழியில்லை. மைக்ரோபோனிக் அலையை மட்டும் காண்பதற்குப் பெரா கருவியே பல நேரங்களில் போதும். அதைத் தேட வேண்டும் என்ற எண்ணம்தான் வேண்டும்.

இந்த மைக்ரோபோனிக் அலைக்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. 1930இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வீவர், பிரே ஆகிய இருவர் மயக்கமூட்டிய ஒரு பூனையின் செவிநரம்பில் மின்முனையைப் பொருத்தி, மறுமுனையை வேறோர் அறையில் இருந்த தொலைபேசிக் கேட்பானோடு இணைத்தனர். ஒருவர் பூனையின் காதருகே பேச, மற்றவருக்கு அந்தப் பேச்சு கேட்பானில் தெளிவாகக் கேட்டது. நரம்பே பேச்சைக் கடத்துகிறது என்று அவர்கள் கருதினர். அவர்கள் கேட்டதில் பெரும்பகுதி நரம்பின் சைகை அன்று, மயிர்ச்செல்களிலிருந்து கசிந்த மின்சாரம் என்பது பின்னர்த்தான் தெளிவாயிற்று. செல்லின் குரலை நரம்பின் குரலாக எடுத்துக்கொள்ளும் பிழைக்கு அவ்வளவு பழமை இருக்கிறது. அதனால் எங்கள் பிழை சிறிதாகிவிடுவதில்லை.

மீண்டும் அந்தச் சிறுவனிடம் வருவோம். அவன் குறைமாதத்தில் பிறந்தவன். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 18 நாட்கள் இருந்தான். மஞ்சள் காமாலை மிகுந்து, இரத்தம் மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. இவையெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தன. நாங்கள்தான் சேர்த்துப் படிக்கவில்லை. இரத்தத்தில் மிகும் பிலிரூபின் மயிர்ச்செல்களை விட்டுவிட்டு, செவிநரம்பையும் மூளைத்தண்டில் கேட்புக்குரிய பகுதிகளையும் தாக்கும் இயல்புடையது. அத்தகைய குழந்தைக்கு ஓ.ஏ.ஈ. மட்டும் செய்து அனுப்புவது, கொள்ளை போனது பின்கட்டில் என்று தெரிந்தும் முன்வாசல் பூட்டை மட்டும் இழுத்துப் பார்ப்பதற்குச் சமம்.

இம்முறை பெரா செய்தோம். எவ்வளவு உரத்த ஒலிக்கும் ஐந்து அலைகளில் ஒன்றுகூட எழவில்லை. ஆனால் தொடக்கத்தில், ஒரு மில்லிநொடி தொட்டு, ஏறியிறங்கும் சிற்றலைகள் தெரிந்தன. ஒலியின் முனைமையைத் தலைகீழாக்கிச் செலுத்தினோம், சிற்றலைகளும் தலைகீழாயின. நரம்பின் அலை அவ்வாறு தலைகீழாவதில்லை. மயிர்ச்செல்லின் அலைதான் ஒலியைப் பின்பற்றிப் புரளும். அது கருவியின் மின்னிரைச்சலாகவும் இருக்கலாம் என்ற ஐயம் எஞ்சியிருந்தது. எங்கள் செவித்திறன் ஆய்வாளர், காதுக்கு ஒலி கொண்டு செல்லும் மெல்லிய குழாயை விரல்களால் அழுத்தி மூடினார். கருவி ஓடிக்கொண்டேயிருந்தது, சிற்றலைகள் மறைந்துவிட்டன. விரலை எடுத்தவுடன் திரும்ப வந்தன. ஐயம் தீர்ந்தது. செல்கள் உயிரோடு இருக்கின்றன. அவை சொல்வதை நரம்பு ஒழுங்காகக் கொண்டுபோகவில்லை.

இதற்கு ஆடிட்டரி நியூரோபதி என்று பெயர். 1996இல் ஆர்னால்டு ஸ்டாரும் அவரது குழுவினரும் பத்து நோயாளிகளை விவரித்து இப்பெயரை நிலைநிறுத்தினர். நரம்பிழைகள் ஒன்றுசேர்ந்து ஒரே தாளத்தில் இயங்காமல் முன்னும் பின்னுமாகச் சிதறுவதே இதன் இயல்பு. ஆகையால் இத்தகைய குழந்தை முற்றிலும் கேளாத குழந்தை அன்று. ஒருநாள் அழைப்பு மணிக்குத் திரும்பும், மறுநாள் திரும்பாது. பாத்திரம் விழுந்தால் அதிரும். பெயரைச் சொன்னால் அறியாது. "வேணும்னே செய்றான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், "மனஇறுக்கமோ" என்று பிறர் ஐயுறுவதும் இதனால்தான். பெராவில் கோடு தட்டையாக வந்துவிட்டால் முழுச் செவிடு என்று எழுதுவதும் இவர்கள் விஷயத்தில் பிழையே. இவர்கள் எவ்வளவு ஒலியை உணர்கிறார்கள் என்பதைப் பெரா சொல்லாது. குழந்தையின் நடத்தையைப் பொறுமையாகக் கவனித்துச் செய்யும் சோதனைதான் சொல்லும்.

இது அரிய நோய், இதற்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று சக மருத்துவர்களே எங்களிடம் கேட்டதுண்டு. மைசூரில் 1965 முதல் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அங்கு வந்த உட்செவிக் கேளாமை நோயாளிகளில் 183 பேருக்கு ஒருவரிடம் இதைக் கண்டதாக 2006இல் வெளியிட்டனர். அரிது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் இருந்து வந்த குழந்தைகளிடையே இது அவ்வளவு அரிதன்று. 2007ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் குழந்தைச் செவிப்புலன் கூட்டுக்குழு, அத்தகைய பிரிவில் ஐந்து நாட்களுக்கு மேல் இருந்த குழந்தைக்கு மூளைத்தண்டுச் சோதனையையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று வகுத்தது. அதைப் படித்த நாங்கள், நடைமுறையில் கைவிட்டோம். காரணங்கள் இல்லாமல் இல்லை. ஓ.ஏ.ஈ. எளிது, மலிவு, குழந்தை விழித்திருந்தாலும் முடிந்துவிடும். பெராவுக்கு அமைதியான அறையும், பயிற்சி பெற்ற ஆய்வாளரும், ஒரு முழுத் தூக்கமும் வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்களுக்குத் துளையிட்ட நாட்களில் எங்கள் சோதனை அறையில் பதிவு எடுக்கவே இயலாமல் இரவு எட்டு மணிக்கு மேல் செய்ததும் உண்டு.

இக்காரணங்களை ஒப்புக்கொண்டே சொல்கிறோம்: நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைக்கு ஓ.ஏ.ஈ. போதும், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் குழந்தைக்குப் போதாது. அதோடு "பாஸ்" என்ற அந்தச் சொல்லையே தாளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. பள்ளித் தேர்வில் தேறியது போன்ற ஒரு முடிவுணர்வை அது கொடுத்துவிடுகிறது. "புற மயிர்ச்செல்கள் இயங்குகின்றன, செவிநரம்பு சோதிக்கப்படவில்லை, குழந்தை ஒலிக்குத் திரும்பவில்லை என்று தோன்றினால் எந்த வயதிலும் வாருங்கள்" என்று முழுத் தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? இவ்வாண்டு தொடக்கம் முதல் எங்கள் துறையின் அறிக்கைகளில் அப்படித்தான் எழுதுகிறோம். சில பெற்றோர் அச்சமடைகிறார்கள் என்பது உண்மை. அச்சமடைந்து இரண்டு மாதத்தில் வருபவர்களை, நிம்மதியோடு இரண்டரை ஆண்டு கழித்து வருபவர்களைவிட நாங்கள் விரும்புகிறோம்.

காலம் ஏன் இவ்வளவு பொருட்டாகிறது என்றால், மொழியைப் பிடித்துக்கொள்ளும் திறன் மூளைக்கு முதல் சில ஆண்டுகளில்தான் மிகுதி. ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. இலட்சக்கணக்கில் செலவாகும் ஒரு கருவி, பூ கட்டி விற்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும் கிடைக்கும் மாநிலம் இது; அதில் எங்களுக்குப் பெருமிதம் உண்டு. எனினும் ஆறு வயது என்பது திட்டத்தின் எல்லை, குழந்தைக்குரிய உகந்த வயது அன்று. "இன்னும் மூணு வருஷம் இருக்கே" என்று காத்திருப்பவர்களை நாங்கள் மாதந்தோறும் காண்கிறோம்.

நோய் நரம்பில் என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட் எப்படிப் பயன் தரும் என்பது நியாயமான கேள்வி. நரம்பு மெலிந்தோ இல்லாமலோ இருந்தால் பயன் மிகக் குறைவே, அதை எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். நரம்பு இருந்து அதன் தாளம் மட்டும் சிதறியிருந்தால், கருவி தரும் மின்துடிப்பு சிதறிய இழைகளை ஒன்றாக இயங்கச் செய்யக்கூடும். பல குழந்தைகளுக்கு நல்ல பலன் கிடைத்துள்ளது. கோளாறு அக மயிர்ச்செல்லில் இருந்து, நரம்பு முழுமையாக இருப்பவர்களுக்கு இன்னும் நல்ல பலன். மாறாக, மஞ்சள் காமாலையால் வந்த நியூரோபதி சில குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் தானாகவே சீராவதும் உண்டு. அவர்களை அவசரப்பட்டு அறுவை அரங்குக்கு அனுப்பிவிடக் கூடாது. ஒரே தட்டைக் கோடு. அதற்குப் பின்னால் வெவ்வேறு தீர்ப்புகள்.

அக மயிர்ச்செல்லில் கோளாறு என்றோம். அதற்கு ஓடோஃபெர்லின் என்ற புரதத்தின் மரபணுப் பிழை ஒரு முக்கியக் காரணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குழந்தைக்குக் கேளாமை உண்டாகும். தாய்மாமனையோ, அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் இன்னும் மறையாத நம் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. இந்தக் குழந்தைகளும் பிறந்தவுடன் செய்யும் ஓ.ஏ.ஈ. சோதனையில் தேறிவிடுவார்கள். 2024 ஜனவரியில், சீனாவின் ஷாங்காய் நகரில் உள்ள ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவர்கள், இந்த மரபணுவை ஒரு காதுக்குள் செலுத்தி ஆறு குழந்தைகளில் ஐவருக்குக் கேட்கும் திறன் வந்ததாக வெளியிட்டனர். இன்று நாங்கள் சீட்டில் எழுதித் தரக்கூடிய சிகிச்சை அன்று அது. ஆனால் இத்தகைய சிகிச்சை ஒருநாள் நம் ஊருக்கு வரும்போது, யாருக்கு அது உரியது என்பது மின்சோதனையும் மரபணுச் சோதனையும் சேர்த்துச் செய்த பிள்ளைகள் விஷயத்தில் மட்டுமே தெரிந்திருக்கும். "நரம்புக் கோளாறு" என்று மட்டும் எழுதப்பட்ட தாள் அப்போது எதற்கும் உதவாது. ஓ.ஏ.ஈ. எதிரொலி வயதோடு மறைந்துவிடுவதும் இவர்களிடையே நிகழ்கிறது. மைக்ரோபோனிக் அலை அதன் பின்னும் நிற்கும். ஆகவே இரண்டு வயதில் எதிரொலி இல்லை என்பதைக் கொண்டு இந்நோய் இல்லை என்று முடிவு செய்துவிடவும் கூடாது.

குழந்தைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மைசூர் ஆய்வில் கண்டவர்களுள் பலர் பதின்பருவத்தினர். ஆண்களைவிடப் பெண்கள் மிகுதி. "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்பதே அவர்களுடைய முதல் முறையீடு. கல்லூரி மாணவி ஒருவர் வகுப்பில் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு மாறி, பின்னர்த் தோழியின் குறிப்பேட்டைப் பார்த்தே படித்து, கடைசியில் கைப்பேசியில் பேசுவதையே நிறுத்திவிட்டார். அவருடைய ஆடியோகிராமில் மிதமான குறையே இருந்தது. காது மிஷின் கடையொன்றில் இரு காதுக்கும் விலையுயர்ந்த கருவிகள் விற்றிருந்தார்கள். அவை பெட்டியிலேயே கிடந்தன. ஆடியோகிராம் குறைந்த சொற்களையே கூறும்: எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி வேண்டும் என்பதோடு நின்றுவிடும். சொற்களைத் திரும்பச் சொல்லச் செய்யும் பேச்சுச் சோதனையின் மதிப்பெண், ஆடியோகிராமுக்குப் பொருந்தாத அளவு தாழ்ந்திருந்தால், கருவி வாங்குமுன் பெரா செய்யுங்கள். இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறோம்.

எல்லோருக்கும் எல்லா மின்சோதனையும் வேண்டும் என்று நாங்கள் சொல்வதாகக் கொள்ளலாகாது. தலைசுற்றலும் காதிரைச்சலும் கேளாமையும் சேர்ந்து வந்துபோகும் மெனியர் நோயை எடுத்துக்கொள்வோம். 1861இல் பாரிசில் புராஸ்பர் மெனியர் விவரித்த நோய் இது. உட்செவி நீர்மம் மிகுந்து வீங்கும்போது, முன்னர்ச் சொன்ன மூன்று தடயங்களில் இரண்டாவதான மேடு, நரம்பின் பள்ளத்தோடு ஒப்பிடுகையில் உயர்ந்து, ஏறத்தாழப் பாதியளவைத் தாண்டும். எலக்ட்ரோகாக்ளியோகிராபி ஒரு காலத்தில் பெரும்புகழ் பெற்றது இந்த ஒப்பளவால்தான். ஆனால் நோய் அடங்கியிருக்கும் நாட்களில் பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். 2020இல் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, மெனியர் நோயை உறுதிசெய்ய இச்சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே கூறுகிறது. நோயாளி சொல்லும் கதையும் ஆடியோகிராமும் அங்கு மேலான சான்றுகள். தலைசுற்றலோடு வரும் ஒவ்வொருவருக்கும் இதை எழுதும் பழக்கம் தேவையற்றது. அந்தச் செலவை நீங்கள் கேள்வி கேட்கலாம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பிரஸ் ஷாப்புகளிலிருந்து வரும் தொழிலாளர் விஷயம் இன்னும் சிக்கலானது. எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லை. அதைத் தாண்டிய இடங்களில் பல ஆண்டுகள் நின்றவர்கள், ஆடியோகிராம் ஏறக்குறைய இயல்பாக இருந்தும், கல்யாண மண்டபத்தில் எதிரே இருப்பவர் பேச்சுப் புரிவதில்லை என்கிறார்கள். பாஸ்டன் நகரில் குஜாவா, லிபர்மன் ஆகியோர் 2009இல் எலிகளிடம் காட்டியது நினைவுக்கு வருகிறது: பேரிரைச்சலுக்குப் பின் கேட்கும் அளவு பழையபடி மீண்டாலும், சுருளின் சில பகுதிகளில் அக மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதியளவு நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதரிடம் இதை உறுதியாகக் காட்டும் சோதனை இன்னும் நிலைபெறவில்லை. ஆகவே இதற்கென்று பணம் கட்டச் சொல்ல மாட்டோம். காதடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். சட்டைப் பையில் வைக்காமல் காதில் வையுங்கள்.

பெரா சோதனைக்கு வருவோர் கேட்பவற்றுக்குச் சில விடைகள். குழந்தைக்கு மின்சாரம் செலுத்துகிறோமா என்று பாட்டிமார் கேட்பார்கள். இல்லை, உடலில் எழும் மின்னலையை வாங்கிப் பதிவு மட்டுமே செய்கிறோம். அன்று விடியற்காலையிலேயே குழந்தையை எழுப்பிவிடுங்கள். வரும் வழியில் பேருந்திலோ ஆட்டோவிலோ தூங்க விட்டுவிட்டால் எங்கள் அறையில் தூங்காது. அறைக்கு வந்த பின் பாலூட்டினால் பெரும்பாலும் மருந்தின்றியே உறங்கிவிடும். இயலாதபோதுதான் தூக்க மருந்து. அதுவும் எடை பார்த்து, மருத்துவர் முன்னிலையில். தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். நெற்றியில் மையும் பவுடரும் வேண்டாம், மின்முனை ஒட்டாது. திருஷ்டிப் பொட்டை அன்று ஒருநாள் உள்ளங்காலில் வைத்துக்கொள்ளலாம். சளியோ காதடைப்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் முடிவு பிழையாகும். கைப்பேசிகளை அணைத்துவிடுங்கள். குழந்தை பிறந்தபோது இருந்த மருத்துவமனையின் சுருக்கச் சீட்டைத் தவறாமல் கொண்டுவாருங்கள், நாங்கள் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் இரு பக்கமும் செவிநரம்பு இருந்தது. மூன்று மாதம் காது மிஷின் பொருத்திப் பார்த்தோம், பயன் சொற்பமே. காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வலக்காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டு, கருவியை இயக்கி இப்போது நான்கு மாதங்கள் ஆகின்றன. குக்கர் விசில் அடித்தால் சமையலறைப் பக்கம் திரும்புகிறான் என்று தாய் சொல்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், சில நேரம் இல்லை. வாரம் இரண்டு நாள் இரண்டு பேருந்து மாறிப் பயிற்சிக்கு வருகிறார்கள்.